எண்கோட்டின்மேல் இருபத்தேழு பொட்டு

1

போன வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு நாங்கள் இந்தப் பக்கம் வந்து பதினோரு வருஷம் முடிந்தது. கோவில்பட்டியில் இருக்கிறவர்கள் இதைப் புலம்பெயர்தல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடல் தாண்டவில்லை, விமானம் ஏறவில்லை. ரயிலில் படுத்து எழுந்து, அப்புறம் ஒரு பஸ் பிடித்தால் புத்தூர். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் துபாய்க்காரியையும் சிங்கப்பூர்க்காரியையும் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வருவார்கள். "நீ திருப்பதியிலதான இருக்க? குடுத்து வச்சவ. லட்டு கொண்டாந்தியா?" புத்தூர் வேறு, திருப்பதி வேறு, நடுவில் ஒரு மணி நேரப் பஸ் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் லட்டோடு போய்விடுகிறேன்.

ஆனால் எனக்கு இது வெளியூர்தான். பேச்சு வேறு, போர்டில் எழுத்து வேறு, அரசாங்கம் வேறு, ஊறுகாயின் காரம் வேறு. வந்த புதிதில் பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியாமல், வடமாலபேட்டைக்குப் போக ஏறி நாயுடுபேட்டை வரைக்கும் போயிருக்கிறேன். இதற்கு மேல் வெளிநாடு என்று ஒன்று வேண்டுமா?

வருஷா வருஷம் இந்த ஞாயிறன்று நாங்கள் மூன்று பேரும் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்து மலையேறுவோம். நான், என் வீட்டுக்காரர் மாரியப்பன், எங்கள் மகள் கயல். அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் வடமாலபேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கயல் என் வகுப்பிலேயேதான் படிக்கிறாள். வகுப்பில் நான் அவளுக்கு மிஸ், வீட்டில் அம்மா. இரண்டு இடத்திலும் அவள் என் பேச்சைக் கேட்பதில்லை.

இந்த வருஷம் முதல் நூறு படி ஏறுவதற்குள்ளேயே அவர் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். கயல் முன்னால் ஓடியிருந்தாள். "கம்பெனில திருநெல்வேலிப் பக்கம் புது யூனிட் திறக்காங்க. என்னைக் கேட்டிருக்காங்க. வர்ற சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீதான எப்பவும் கேட்டுக்கிட்டே இருந்த?" என்றார்.

உண்மைதான். பதினோரு வருஷமாக நான் கேட்டது அது ஒன்றைத்தான். ஒவ்வொரு படியாக மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறிய ஒரு அம்மாள் எங்களைத் தாண்டிப் போனாள். "பேஷா போயிரலாம்" என்று சொல்ல வாய் திறந்தேன். "கயல்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம்" என்றுதான் வந்தது.

2

போகிறதோ இருக்கிறதோ, கயலின் ஆதார் அட்டையைத் திருத்தியாக வேண்டும். அது ஒரு தனிக் கதை. சில வருஷத்துக்கு முன்னால் இங்கே மாவட்டத்தைப் பிரித்தார்கள். நாங்கள் இருந்த வீட்டிலேயே, அதே நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, சித்தூர் மாவட்டம் எங்களை விட்டுவிட்டுப் போய்த் திருப்பதி மாவட்டம் வந்தது. அவள் ஆதாரில் சித்தூர், பள்ளிச் சான்றிதழில் திருப்பதி. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று நிரூபிக்க நான் மூன்று தடவை வார்டு சச்சிவாலயத்துக்கு நடந்திருக்கிறேன். சச்சிவாலயம் என்றால் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிற சின்ன அரசு அலுவலகம்.

அங்கே போனால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நல்ல சிரிப்புதான். நான் தெலுங்கு கற்றுக்கொண்டது என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம். அதனால் நாற்பத்திரண்டு வயதில் பத்து வயதுப் பிள்ளை மாதிரித் தெலுங்கு பேசுகிறேன். கோபம் வந்தால் "போ, உன்கூட டூ" என்கிற அளவுக்குத்தான் எனக்குத் திட்டத் தெரியும். அதை வைத்துக்கொண்டு அரசு அலுவலகத்தில் என்ன சண்டை போடுவது?

திங்கட்கிழமை அங்கிருந்த குமாஸ்தாப் பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள். "என்னேள்ளயிந்தம்மா இக்கடிகொச்சி?" இங்கே வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அர்த்தம். பதினொன்று என்றேன். அவள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "பதகொண்டா? அயிதே மீரு மாவாள்ளே கதம்மா." அப்படியானால் நீங்கள் எங்கள் ஆட்கள்தானே என்கிறாள்.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அவள் கேட்ட கேள்வியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

3

அந்த வாரம் வகுப்பில் லைன் பிளாட் நடந்துகொண்டிருந்தது. நம் காலத்தில் இந்தப் பாடம் கிடையாது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு நேர்கோடு போட்டு, சம இடைவெளியில் எண்களை எழுத வேண்டும். அப்புறம் ஒரு கேள்வி. ஒவ்வொருவர் சொல்லும் பதிலுக்கும், அந்த எண்ணுக்கு மேலே ஒரு குறி. ஒரே பதிலை நாலு பேர் சொன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு குறி. எங்கே கூட்டம், எங்கே காலி, யார் தனியாக நிற்கிறார் என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வரைவது சுலபம். அதைப் பார்த்து என்ன தெரிகிறது என்று சொல்வதுதான் கஷ்டம்.

அதற்கு முந்தின வாரம் முதல் கேள்வியாக, இன்று காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டாய் என்று கேட்டேன். புத்தகத்தில் இருக்கிறபடி ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னேன். இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தாறு குறி. அங்கேதான் தப்பு செய்தேன்.

மறுநாள் காலையில் பவானியின் அப்பா முனிரத்தினம் நோட்டோடு வந்து நின்றார். இந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கிற தமிழ்க் குடும்பம். மாங்காய் லோடை மாம்பழக்கூழ் பேக்டரிக்கு அனுப்பிவிட்டு அப்படியே வந்திருந்தார். சட்டையில் மாங்காய்ப் பால் கறை காயவில்லை.

"இன்னா மிஸ்ஸு இது? ஒரே பக்கத்துல இருவத்தாறு தப்பா? என் பொண்ணு அவ்ளோ மக்கா?"

அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன். பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குறிக்கு நம் வீடுகளில் ஒரே அர்த்தம்தானே. அவரை உட்காரவைத்து, இது தப்பு இல்லை, ஒவ்வொரு குறியும் ஒரு பிள்ளை, கீழே இருக்கிற எண் அது சாப்பிட்ட இட்லி என்று விளக்கினேன். அவர் கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். இரண்டு, மூன்று, நாலு. விரல் கடைசியில் போய் நின்றது.

"யாரு மிஸ்ஸு அது, ஒண்டியா கீது? எட்டு இட்லி துன்னது?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. என் வகுப்பில் முந்தின நாள் முழுக்க யார் கண்ணிலும் படாத ஒன்றை அந்த மனிதர் அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டார். "அதிகமான பேர் சாப்பிட்டது எத்தனை?" என்று பிள்ளைகளைக் கேட்டால், மிகப் பெரிய எண்ணான எட்டைச் சொல்வார்கள். அவரைக் கேட்டேன். "மூணுதான். அங்கதான கும்பலு கீது" என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பை மாங்காய் வந்து சேர்ந்தது.

4

பெருக்கல் குறி இனி ஆகாது. வேறு என்ன போடலாம் என்று வகுப்பிலேயே கேட்டேன். "பொட்டு, மிஸ்!" என்றாள் பவானி. ஸ்டிக்கர் பொட்டு. சரி, ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்றேன். இதுவும் யோசிக்காமல் சொன்னதுதான்.

மறுநாள் வந்த பொட்டுகளைப் பார்க்க வேண்டுமே. கடுகளவு ஒன்று, காலணா அளவு ஒன்று, பாம்பு மாதிரி நெளிந்தது ஒன்று, கல்யாணத்துக்கு வைக்கிற கல் பதித்த பொட்டு மூன்று. எனக்கென்று ஒரு பையன் தனியாக, இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்து வைத்திருந்தான். "மிஸ்ஸுக்குச் சின்னதா வெச்சா மரியாதி இல்ல மிஸ்." ஒட்டிப் பார்த்தால் இரண்டு பொட்டு இருக்கிற வரிசை, ஐந்து பொட்டு இருக்கிற வரிசையைவிட உயரமாக நிற்கிறது.

"நீங்க எல்லாரும் அலிபிரிப் படி ஏறியிருக்கீங்க இல்ல? படிக்குப் பொட்டு வைக்கிறவங்க ஒரு படிக்குப் பெரிசா, இன்னொரு படிக்குச் சின்னதா வைக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ்."

"ஏன்?"

"எல்லாப் படியும் சாமி படிதான் மிஸ்" என்றான் ஒருவன். அதற்கு மேல் நான் விளக்கவே தேவைப்படவில்லை. ஒரே அளவுச் சிவப்புப் பொட்டு இரண்டு அட்டை வாங்கி வந்தேன்.

கயலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் திருப்பதி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். என் பேச்சில் ஒரு சொல் அவளிடம் ஒட்டவில்லை. "சாப்ட்டுக்கினு கீறேன்மா" என்பாள். அப்பாவை "நைனா" என்பாள். போனில் இதைக் கேட்ட என் மாமியார், "ஏத்தா, பிள்ளைய யார்ட்டக் குடுத்து வளத்தீக? அப்பாவப் போய் நைனான்னா கூப்புடுது?" என்று அழாத குறைதான். மாரியப்பன் அவளைத் திருத்தியதே இல்லை. நைனா என்று கூப்பிடும்போது அவர் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்து அவளுக்குக் கூட்டித்தான் படிக்க வரும். தெலுங்கில் கடிதமே எழுதுவாள். நான் இதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன், கத்தியும் இருக்கிறேன். ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் என் நினைப்பாக இருந்தது.

5

வியாழக்கிழமை வகுப்புச் சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டு, பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரைக்கும் எழுதினேன். குமாஸ்தாப் பெண்ணின் கேள்வியை அப்படியே மேலே எழுதினேன். உங்கள் வீட்டார் இங்கே வந்து எத்தனை வருஷம்? வீட்டில் கேட்டுவிட்டு வரும்படி முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

ஒவ்வொருவராக வந்து ஒட்டினார்கள். நான் பதினொன்றில் என் பொட்டை ஒட்டிவிட்டுக் கடைசி வரிசையில் நிவேதாவிடம் போய் உட்கார்ந்தேன். அவள் இந்த ஜூனில்தான் சேலத்திலிருந்து வந்தவள். தெலுங்கு ஒரு சொல் தெரியாது. இந்த ஊர்த் தமிழும் அவளுக்குப் பாதிதான் புரிகிறது. இன்னும் யாரோடும் சேரவில்லை. "நான் பூஜ்யமாங்க மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஆமா, வருஷம் முடியலையே" என்றேன். போய் ஒட்டிவிட்டு வந்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தேன். மூன்று, நாலு, ஐந்தில் ஒரு கூட்டம். அது ஸ்ரீசிட்டி வேலைக்கு வந்த குடும்பங்கள், எதிர்பார்த்ததுதான். பதினாலில் நாலு. ஒன்பதில் ஐந்து. எட்டில் ஒன்றுகூட இல்லை.

"எட்டு ஏன் காலியா இருக்கு?"

ஒன்பதுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன் எழுந்தான். "எட்டு வாணாம்னு எங்கம்மா சொல்ச்சு மிஸ். எட்டு ஆவாது, ஒம்போதுன்னு வெச்சிக்கோன்னு." விசாரித்தால் இன்னும் இரண்டு வீட்டிலும் அதே ஜோசியம். மூன்று பொட்டையும் பிய்த்து எட்டில் ஒட்டவைத்தேன். நாம் ராசி பார்த்து எண்ணை மாற்றினால் கோடு பொய் சொல்லும் என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எங்கள் கல்யாணத் தேதியை எட்டிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளியவர்கள்தானே என் வீட்டிலும்.

அதெல்லாம் சின்ன விஷயம். இருப்பதிலேயே உயரமான வரிசை பூஜ்யத்தில் நின்றது. ஒன்பது பொட்டு. நிவேதா ஒருத்திதான் அங்கே இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் இந்தச் சுவரைப் பார்த்தால், இந்த ஊரில் மூன்றில் ஒருவர் நேற்று வந்தவர் என்றுதான் படிப்பார்.

"பூஜ்யத்துல யாரெல்லாம்?"

பவானி எழுந்தாள். "நாங்க எங்கியும் இருந்து வர்ல மிஸ். இங்கியேதான் கீறோம். நைனாவ கேட்டேன், அவுங்க தாத்தாவுக்கும் முன்னால இருந்தே இதே ஊருதானாம். வர்லன்னா சைபர்தான?" அவளோடு ஆறு பேர் எழுந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும். எல்லாரும் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்கள். நேற்று வந்த நிவேதாவும், வரவே வராத இவர்களும் ஒரே எண்ணில் நிற்கிறார்கள். நிவேதாவின் முகத்தைப் பார்த்தேன். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேர் தன்னோடு இருக்கிறார்களே என்று.

ஏழு பேர், நிவேதாவோடு எட்டு. ஒன்பதாவது பொட்டு யாருடையது?

யாரும் எழவில்லை. பிறகு ஜன்னலோரத்தில் கயல் எழுந்து நின்றாள்.

"நாம பதினொண்ணுல்ல?" என்றேன். வகுப்பு என்பதை மறந்து அம்மாவாகக் கேட்டுவிட்டேன்.

"நீங்களும் நைனாவும் வந்தீங்க மிஸ். நான் வர்லியே" என்றாள் கயல்.

அதை அவள் எந்த அழுத்தமும் கொடுக்காமல், எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாக்பீஸைத் தேடுகிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றேன். ஊருக்குத் திரும்பலாம், திரும்பலாம் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, இவள் எங்கே திரும்புவாள்? நாங்கள் அங்கே போனால் அது இவளுக்குப் போவது. சேலத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற நிவேதா மாதிரி, இவள் அங்கே ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருவாள். எனக்குப் பயமாக இருந்தது. நான் வந்த புதிதில் பட்டதெல்லாம் ஞாபகம் வந்தது.

6

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனதும் முதல் வேலையாக, "நேத்து நான் கேட்ட கேள்வி தப்பு" என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். கேள்வி சரியில்லை என்றால் எவ்வளவு அழகாகப் பொட்டு ஒட்டினாலும் கோடு நமக்குச் சரியாகச் சொல்லாது. என்ன கேட்டிருக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். பத்து நிமிஷம் கத்தித் தீர்த்தார்கள். கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கேள்வி இது. நீ இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய்? வீட்டார் இல்லை, தாத்தா இல்லை. நீ.

பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். சின்ன எண் பூஜ்யம், பெரிய எண் பதினொன்று. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. நடுவில் ஆள் இல்லாத எண்களுக்கும் இடம் விடச் சொல்லி நான் வாய் திறப்பதற்குள் பவானியே சாக்பீஸை வாங்கி ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு எல்லாவற்றையும் எழுதினாள்.

பொட்டுகள் நகர்ந்தன. மூன்று, நாலு, ஐந்தில் அதே எட்டுப் பேர். எட்டில் மூன்று, ஒன்பதில் இரண்டு. பூஜ்யத்தில் இருந்த கூட்டமும் பதினாலில் இருந்த நாலு பேரும் கிளம்பிப் பத்துக்குப் போனார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் பத்து வயது. பன்னிரண்டு பொட்டு, கோபுரம் மாதிரி. அதில் கயலின் பொட்டும் ஒன்று. எது அவளுடையது என்று இப்போது சொல்ல முடியாது.

நான் போய்ப் பதினொன்றில் ஒட்டினேன்.

"இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"பத்துலதான் கும்பலு, மிஸ்."

"ஒண்ணு, ரெண்டு காலி."

"நிவேதா ஒண்டியா ஆயிட்டா மிஸ்" என்றாள் பவானி. வகுப்பே கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொல்லி அவளைத் தேற்றலாம் என்று நான் யோசிப்பதற்குள் கயல் சொன்னாள். "அடுத்த வருசம் அவ ஒண்ணுக்கு வந்துடுவா. நாம பதினொண்ணுக்குப் போய்டுவோம். அல்லாரும் ஒரு எடம் தள்ளி ஒட்டணும்."

"அப்பவும் இதே மாதிரிதான் இருக்கும்!" என்று ஒருவன் கத்தினான். அவன் இரண்டு கையாலும் காற்றில் கோபுரத்தைத் தூக்கி ஒரு அடி தள்ளி வைத்துக் காட்டினான். ஆமாம், உருவம் மாறாது, மொத்தமாக நகரும். பெரிய வகுப்புகளில் கஷ்டப்பட்டுச் சொல்லித்தருகிற விஷயம் இது. பவானி எழுந்துபோய் நிவேதாவின் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிறகு பவானியே அங்கிருந்து கேட்டாள். "மிஸ், அப்ப நீங்க எங்கள வுட ஒரே ஒரு வருசம்தான் பெரியவங்களா?"

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. நானும் சிரித்தேன். கோட்டின்படி அது சரி. இந்த ஊருக்கு வந்த கணக்கில் எனக்குப் பதினோரு வயது. என் தெலுங்கு அப்படி இருப்பதில் ஆச்சரியமே இல்லை. இவர்கள் நடக்கப் பழகியபோது நான் பஸ் போர்டு படிக்கப் பழகினேன். இவர்களோடு சேர்ந்துதான் வளர்ந்திருக்கிறேன்.

"அடுத்த வருசம் நீங்க பன்னெண்டுல ஒட்டுவீங்க இல்ல மிஸ்? ஆனா பன்னெண்டு இல்லியே" என்றாள் பவானி.

கோடு பதினொன்றோடு முடிந்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயலும்தான். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் சுவரைப் பார்த்தேன். பதினொன்றுக்கும் கதவு நிலைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது.

எனக்கு இந்த ஊரைப் பிடித்திருக்கிறது. எட்டு ஆகாது என்று சொல்லும் அம்மாக்களை, இட்லியை எண்ணும் முனிரத்தினத்தை, மாவாள்ளே என்று சொன்ன அந்தக் குமாஸ்தாப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. பதினோரு வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

சாக்பீஸை எடுத்துக் கோட்டை நிலைவரைக்கும் இழுத்து, பன்னிரண்டு என்று எழுதினேன். சம இடைவெளியில்தான்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து மாரியப்பன் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே கயல் ஓடினாள். "நைனா! மிஸ் சின்ன பொண்ணு! எங்கள வுட ஒரு வருசம்தான் பெரிசு!" என்று முழுக் கதையையும் சொன்னாள். செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார். பன்னிரண்டு எழுதியதைச் சொன்னபோது என்னைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு வரலன்னு எழுதிரட்டுமா?"

"எழுதிருங்க."

"உங்க அம்மாட்ட நீதான் சொல்லணும்."

"உங்க அம்மாட்ட நீங்க சொல்லுங்க" என்றேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவரும் இதற்குத்தான் ஆசைப்பட்டு, எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இன்னாத்த எழ்தணும்?" என்று கேட்டாள் கயல். "ஒண்ணுமில்ல" என்றோம்.

திங்கட்கிழமை நான் போவதற்கு முன்பே பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். சுவரில் பதினொன்றின்மேல், என் பொட்டுக்கு மேலே, இன்னொரு பொட்டு. யார் ஒட்டியது என்று கேட்டேன்.

"நைனாவுது மிஸ். அவரும் பதினொண்ணுதான? நீங்க ஒண்டியா கீறீங்க" என்றாள் கயல்.

இந்த வகுப்பில் இல்லாத ஆளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது, அது பாடத்தின்படி தப்பு. அவளிடம் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்தேன். பொட்டை நான் பிய்க்கவில்லை. இப்போது சுவரில் இருபத்தெட்டு இருக்கிறது.